வாப்பாவின் சீனி

வாப்பாவுக்குச் சீனி வருத்தம் வந்து நான்கு வருடங்கள். இரத்தத்தில் சீனி கூட. ஆள் மட்டும் மெலிந்துகொண்டே போனார், நாலு படி ஏறினால் களைப்பு. இவ்வளவு சீனி இருந்தும் ஏன் பெலன் இல்லை? ஒன்பதாம் ஆண்டில் எனக்கு விளங்கவில்லை.

உயர்தர உயிரியல் வகுப்பில் விளங்கியது. கலமென்சவ்வு பொஸ்போலிப்பிட்டின் இரட்டைப் படை. தடிப்பு ஏறத்தாழ 7 நனோமீற்றர்தான், ஆனால் கண்டதையெல்லாம் உள்ளே விடாது. ஒட்சிசன் தானாக நுழையும். குளுக்கோசுக்குக் காவிப் புரதம் வேண்டும். தசைக் கலத்தில் அந்தப் புரதங்களில் பெரும்பாலானவை உள்ளே சிறு புடகங்களில் கிடக்கும். இன்சுலின் வந்து மென்சவ்வின் வாங்கியில் பொருந்தினால் மேலே வரும். வாப்பாவின் கலங்கள் இன்சுலினின் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. வாசலில் சோறு, உள்ளே பட்டினி.

நடக்கும்போது சுருங்கும் தசை, இன்சுலினின் தயவில்லாமலே அப்புரதங்களை மேலே கொண்டுவருமாம். அன்றிரவே கொப்பியில் படம் கீறிக் காட்டினேன்.

"டொக்டர் நடக்கச் சொன்னது இதுக்குத்தானா மகள்?" என்றார் வாப்பா.

இப்போது சுபஹு தொழுதுவிட்டு இருவரும் கடற்கரை வரை நடக்கிறோம். பிளேன்டீக்கு மட்டும் இன்னும் ஒளித்து ஒரு கரண்டி சீனி போடுகிறார். உம்மாவிடம் நான் சொல்லவில்லை.