படகை அழித்தது கடல் இல்லை, கொல்லைப்புறம்! பழவேற்காட்டில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்

பொன்னேரி ஸ்டேஷனில் இறங்கி, பழவேற்காடு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். சித்தியிடமிருந்து போன்.

"பாப்பா, வரும்போது கடையில எலிப் பசை கெடைச்சா ரெண்டு வாங்கியாம்மா. கொல்லையில தொல்லை தாங்கல."

'சரி சித்தி' என்று சொல்லிவிட்டேன். ஆனால், வாங்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சென்னையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. தெற்கு முனைதான் நமக்கு. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையின் மிச்சமும், வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும் டச்சுக் கல்லறையும் இங்கே உண்டு. சென்னைக்காரர்கள் பெரும்பாலும் இவற்றைப் பார்க்கவும், நண்டு சாப்பிடவும்தான் வருவார்கள்.

நான் போனது சித்தப்பா வீட்டுக் கொல்லையில் கிடந்த ஒரு படகைப் பார்க்க.

நான்கு வருஷமாக நகராத படகு

சித்தப்பா ஏரியில் மீன் பிடித்தவர். நான்கு வருஷத்துக்கு முன், 'மாசம் பொறந்தா சம்பளம்' என்று எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார். போன டிசம்பரோடு காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது. பொங்கலுக்கு நான் போனபோது, வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆயா மட்டும், "வலை ஓட்ட மனுஷன் வீட்ல குந்திகினு இருக்கான்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, பழைய சாமான் வியாபாரி ஒருவர் கொல்லைக்கு வந்தார். படகைச் சுற்றிப் பார்த்தார். காலால் ஒரு தட்டு தட்டினார்.

"டிரெய்லரை இரும்பு வெலைக்கு எடுத்துக்கறேன். படகை நீங்களே வெச்சுக்குங்க. பைபரை யார் வாங்குவா?"

சித்தப்பா எதுவும் பேசவில்லை. அவர் போன பிறகு படகின் விளிம்பில் கை வைத்தபடி நின்றார். "ஆறு வாரம் பாக்கறேன். ஆவலைன்னா குடுத்துடறேன்" என்றார். என்னிடம் சொன்னாரா, ஆயாவிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. ஆனால், 'ஆறு ஞாயிறும் நான் வர்றேன் சித்தப்பா' என்று வாய் தவறிச் சொன்னது நான்தான்.

படகு கொல்லைக்கு வந்ததே ஒரு புயலால். 2016 டிசம்பர் 12, வர்தா. கரையில் கட்டிக் கிடந்த படகுகள் ஒன்றோடு ஒன்று மோதி உடைந்ததைப் பார்த்தவர், அடுத்த மழைக்காலத்துக்குள் பழைய ஜீப் அச்சு ஒன்றை வாங்கி, பொன்னேரி பட்டறையில் டிரெய்லர் அடித்துவிட்டார். புயல் அறிவிப்பு வந்தால் படகு வீட்டுக்கு வந்துவிடும். வேலைக்குப் போனபோதும் அப்படித்தான் ஏற்றி வந்து நிறுத்தினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது, கடலில் இல்லாத அந்தப் படகின் மேல், கொல்லையில் இருந்த தென்னை முறிந்து விழுந்தது!

குடியிருந்தவர்கள் பட்டியல்

முதல் ஞாயிறு நாங்கள் ஒரு ஆணியைக்கூடத் தொடவில்லை. யார் யார் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்தோம்.

படகின் அடியில் பெருச்சாளி வளை. ஒன்றல்ல, மூன்று வாசல். உள்ளே போட்டிருந்த பழைய நைலான் வலையை எலிகள் கடித்துப் பஞ்சாக்கி, கூடு கட்டியிருந்தன. முன்பக்கம் மிதப்புக்காக அடைத்திருந்த தெர்மாகோல் பொடிப் பொடியாக வெளியே கொட்டியது. குறுக்குப் பலகைக்குக் கீழே குளவிக்கூடு. மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் கொசுப்புழு நெளிந்தது. டிரெய்லரின் முன்கால் மண்ணில் புதைந்திருந்த இடத்திலிருந்து, பென்சில் தடிமனுக்குக் கரையான் மண்பாதை மேலே ஏறி, படகு உட்காரும் மரக்கட்டைக்குள் நுழைந்திருந்தது.

நாலாவது படிக்கும் என் தங்கச்சிக்கு இதுதான் விளையாட்டு மைதானம். அந்தக் கொசுப்புழுவை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்திருந்தாள்!

அவள் இருப்பதால்தான் எலிப் பசையை நான் வாங்கவில்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசை கல்லீரலை அழிக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அதனால்தான் தமிழக அரசு அதற்குத் தடை விதித்தது. ரொட்டியில் தடவி வைப்பது எலிக்குத்தான். ஆனால், அது குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில்தானே இருக்கும்?

"அப்போ எலியை இன்னா பண்றது, கும்பிடறதா?" என்றார் சித்தி. நியாயமான கேள்வி.

"வூட்டை எடுங்க, அதுவே போவும்!"

பதில் சொன்னவர், ஏரிக்கரையில் வசிக்கும் இருளர் அண்ணன் ஒருவர். பழவேற்காட்டில் இருளர் மக்கள் ஆழமில்லாத தண்ணீரில் உட்கார்ந்து, கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். ஓலையில் பின்னிய பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவார்கள். எலி பிடிப்பதும் அவர்களுக்குப் பரம்பரையாக வந்த வித்தை.

அவர் வந்ததும் வளையைத் தோண்டவில்லை. கொல்லையை ஒரு சுற்று நடந்தார். வாசல்களைப் பார்த்தார். எதில் புது மண், எதில் சிலந்தி வலை என்று காட்டினார். "இதுல ஆள் இல்ல. இதுலதான் போக்குவரத்து" என்றார். ஒரு வாசலை விட்டுவிட்டு மற்றதை அடைத்து, மண்வெட்டி போட்டார். அரை மணி நேரத்தில் நான்கு பெருச்சாளிகள்.

கிளம்பும்போது சித்தப்பாவிடம் சொன்னார்: "அண்ணே, நான் நாலு புடிச்சா அடுத்த மாசம் எட்டு வரும். வலை மெத்தை, படகு கூரை, கோழித் தீனி சாப்பாடு. வூட்டை எடுங்க. அதுவே போவும்."

அதன்படி பழைய வலை, தேங்காய் மட்டை, மக்கிய ஓலை எல்லாம் வெளியேறின. கோழித் தீனி மூடி போட்ட டப்பாவுக்குள் போனது. படகுக்குள் இருந்த எலிப் புழுக்கையை உலர்ந்தபடி பெருக்கவில்லை. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். அதனால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, ஊறவிட்டு, கையுறையும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு கழுவினோம். கொசுப்புழுத் தண்ணீரைக் கொட்டியதோடு நிறுத்தவில்லை, பிரஷ் போட்டுத் தேய்த்தோம். ஏடிஸ் கொசுவின் முட்டை, ஈரம் காய்ந்த பிறகும் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் பொரித்துவிடும். உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் இதே விதிதான்.

இரண்டாவது ஞாயிறு, காலியான வளையிலிருந்து ஒரு சாரைப்பாம்பு எட்டிப் பார்த்தது. சித்தப்பா கம்பைத் தூக்க, ஆயா தடுத்துவிட்டார். "எலிக்கு வந்தவன். எலி இல்லைன்னா போயிடுவான்." சாரைக்கு விஷம் கிடையாது. அடிப்பது சட்டப்படி குற்றமும்கூட. மூன்றாவது ஞாயிறு அதைக் காணோம்.

தட்டிப் பார்த்தால் படகு பேசும்

அடுத்தது கரையான். மண்பாதையைத் தட்டிவிட்டால் அது போய்விடாது, அதன் ஊர் மண்ணுக்குள் இருக்கிறது. அதற்குத் தேவை மூன்று: மண்ணோடு தொடர்பு, ஈரம், மரம். சித்தப்பா மூன்றையும் வெட்டினார். டிரெய்லரின் முன்காலுக்கு அடியில் சிமென்ட் கல் வைத்தார். அரிக்கப்பட்ட மரக்கட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இரும்புக் குழாய் பொருத்தி, அதன்மேல் பழைய டயர் ரப்பரைச் சுற்றினார்.

படகையும் அது தொட்டிருந்தது. பைபரைக் கரையான் தின்னாது. ஆனால், இன்ஜின் மாட்டும் பின்பக்கத்தில், பைபருக்கு உள்ளே மரப்பலகை இருக்கும். தென்னை விழுந்த விரிசல் வழியாக மழைநீர் உள்ளே போய், பலகை ஊறி, அந்த ஈரத்தைத் தேடிக் கரையான் ஏறியிருக்கிறது.

"எப்படி சித்தப்பா வெளியில இருந்தே தெரியும்?" என்றேன். சின்னச் சுத்தியல் ஒன்றைக் கொடுத்தார். முன்பக்கத்தில் தட்டினால் 'டக்' என்று கெட்டியான சத்தம். பின்பக்கம் வரவர 'தொப்... தொப்' என்றது. அந்த இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போடச் சொன்னார். முடித்தபோது பின்பலகையில் பாதிக்கு மேல் வட்டம்தான். அன்றைக்குச் சித்தப்பா மதியம் சாப்பிடவில்லை.

அந்த வாரம் அவர் போனிலும் பேசவில்லை. 'டிரெய்லரைக் குடுத்துட்டாரோ' என்று நினைத்துக்கொண்டேதான் நான்காவது ஞாயிறு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால், பின்பக்க பைபரை அறுத்து, மக்கிய பலகையைக் குப்பையாக வாரி வெளியே போட்டிருந்தார். உள்பக்கம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. சித்தியின் ஒரு ஜோடி கம்மல் அடகுக்குப் போயிருந்தது.

மேட், ரெசின், கொஞ்சம் எச்சரிக்கை

பைபர் வேலைக்கு அவசரம் ஆகாது. ஈரம் இருந்தால் ஒட்டாது. அதனால்தான் மழை முடிந்த தை, மாசியில் செய்கிறார்கள். விரிசலை மேலோடு பூசினால் பயனில்லை. இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்து, நல்ல பைபர் தெரியும்வரை போக வேண்டும். கண்ணாடி இழைத் தூசு தோலில் பட்டால் அன்று இரவு தூக்கம் கிடையாது. முகமூடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். நான் முதல் நாள் அரைக்கைச் சட்டையில் போனேன், அனுபவித்தேன்!

ரெசினில் முதலில் ஆக்ஸிலரேட்டர் கலக்க வேண்டும். அது நன்றாகக் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாக ஒன்றில் ஒன்று ஊற்றினால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அதனால் இரண்டு பாட்டிலையும் கொல்லையின் இரண்டு மூலைகளில் வைத்திருந்தார் சித்தப்பா. கலந்த பிறகு கால் மணி, இருபது நிமிடம்தான். அதற்குள் மேட்டை விரித்து, ரெசினில் நனைத்து, காற்றுக்குமிழ் இல்லாமல் ரோலரால் உருட்டிவிட வேண்டும். தாமதித்தால் டப்பாவிலேயே கல்லாகிவிடும்.

புதுப் பலகை உள்ளே போனது. சுற்றிலும் மேட் அடுக்கடுக்காக ஏறியது. ஐந்தாவது ஞாயிறு, சித்தப்பா மறுபடி சுத்தியலை என் கையில் கொடுத்தார். தட்டினேன். 'டக்.' அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

டிரெய்லரில் ஒரு சக்கரம் சுற்றவே இல்லை. உப்புத் தண்ணீரில் இறக்கி ஏற்றியதில் பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. அடித்துக் கழற்றி, புது பேரிங், புது சீல் போட்டு, கிரீஸ் அடைத்தார். "இனிமே சக்கரம் தண்ணிக்குள்ள போவக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஆறாவது ஞாயிறு

பக்கத்து வீட்டு டிராக்டர் டிரெய்லரை இழுத்தது. ஏரிக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து சவுக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, பத்துப் பதினைந்து பேர் தள்ளினார்கள். படகு தண்ணீரைத் தொட்டதும் சித்தப்பா உள்ளே குதித்து, பின்பலகையின் ஓரத்தைத்தான் முதலில் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

"நானும் வரேன் சித்தப்பா" என்றேன்.

"நீ வேணாம்மா."

அந்த 'வேணாம்' எனக்குப் புரிந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை வந்தது. நீங்கள் போகும்போது யாராவது 'ஒரு ரவுண்டு போலாமா' என்று கேட்டால், 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். கரையிலிருந்து பார்த்தாலே ஏரி போதுமான அளவுக்கு அழகுதான். நானும் ஆயாவும் கரையில் உட்கார்ந்தோம். தொலைவில் பூநாரைகள் ஒரு வெள்ளைக் கோடாக நின்றன. படகு சின்னதாகிக்கொண்டே போனது. ஆயா கடைசிவரை கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் பாடு பெரிதாக இல்லை. கொஞ்சம் இறால், ஒரு கை மடவை. கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. சித்தப்பாவுக்கு அதெல்லாம் தெரியும். மறுநாள் விடியற்காலையிலும் அவர் போனார்.

வீடு திரும்பியபோது, கொல்லையில் படகு நின்ற இடம் மட்டும் புல் முளைக்காமல் வெளிறிக் கிடந்தது. தங்கச்சி அதில் பாண்டி விளையாடக் கட்டம் போட்டிருந்தாள்.

போன வாரம் மறுபடி பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். சித்தி போன்.

"பாப்பா, எதுவும் வாங்கியார வேணாம். நேரா சாப்பிட வா. மடவைக் குழம்பு வெச்சிருக்கேன்."