வெள்ளாற்றின் தலைமாட்டில்

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் படகில் ஏறுவார்கள், பகோடா முனையில் நின்று "அடடா!" என்பார்கள். ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் கிளியூர் அருவியாய் விழுகிறது என்பது வரையில் வழிகாட்டிகளும் சொல்லிவிடுவார்கள். அதற்கப்பால் மலைத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டு போகிறவர்கள் குறைவு. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு காவிரியில் சேர்கிறது. வெள்ளாறோ கிழக்கு நோக்கி நெல்வயல்களினூடே நடந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது.

அந்த மலையில் 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை காப்பியைக் கொண்டுவந்தார். அரபிக்கா காப்பிக்கு ஒரு ஜன்மப் பகை உண்டு. பட்டையின் இடுக்கில் ஒரு வண்டு முட்டையிடும். புழு தண்டைத் துளைத்து உள்ளே போய்விடும். செடி மஞ்சளாகிச் சாகும். அதற்கு மாற்றாகத்தான் பி.எச்.சி. என்ற மருந்து தோட்டங்களுக்கு வந்தது. மருந்து என்றுதான் சொல்கிறோம். விஷம் என்று சொன்னால் யார் வாங்குவார்கள்?

அந்த வேலையைப் பல வருஷம் செய்த ஒரு மூதாட்டியோடு ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன்.

"பட்டையை நாரு போட்டுத் தேச்சுட்டு, மருந்தைக் கலக்கித் துணியால பூசுவோமுங்க. வேலை முடிஞ்சா வாளியை ஓடையிலதான் கழுவுறது."

"மீன் செத்துதா, அம்மா?"

"மீனு எங்கே கண்டோம்? நண்டு இருந்துச்சுங்க, பிள்ளைங்க புடிக்கும். பொறவு காணோம். மருந்தாலயோ, வேற எதாலயோ, எனக்கென்ன தெரியும்?"

ஓடையில் கழுவியது ஆற்றுக்குப் போகும், ஆற்றிலிருந்து கடலுக்குப் போகும் என்றுதானே நமக்குத் தோன்றுகிறது? 1980-களின் கடைசியில் ஜப்பானிய விஞ்ஞானிகளும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் வெள்ளாற்றின் கடைக்கோடியில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஆற்று நீரில் பி.எச்.சி. இருக்கத்தான் இருந்தது, நெல் பருவத்தை ஒட்டிய மழைக்காலத்தில் கூடவும் செய்தது. ஆனால் 1991-இல் அவர்கள் வெளியிட்ட கணக்கு விசித்திரமானது. அங்கே வயல்களில் போட்டதில் நூற்றுக்கு 99.6 பங்கு வெயிலில் ஆவியாகிக் காற்றோடு போய்விட்டதாம். கடலுக்குப் போனது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். மலைக் குளிரில் கணக்கு சற்று மாறலாம். ஆனால் அந்தச் சரக்கின் சுபாவம் அதுதான். ஆவியாகி, காற்றில் மிதந்து, குளிர்ந்த இடம் கண்டால் இறங்குகிறது. ஒரு செடிப்பூச்சியைக்கூடப் பார்த்திராத வடதுருவக் கடலின் சீல்களுடைய கொழுப்பிலும் அது இருக்கிறது!

இந்திய சர்க்கார் பி.எச்.சி.யை 1997-இல் தடை செய்தது. அதன் வீரியமான கூறாகிய லிண்டேனைப் பயன்படுத்த 2013 வரை அனுமதி இருந்தது. அண்ணனைச் சிறையில் போட்டுவிட்டுத் தம்பியைக் காவலுக்கு வைத்த கதைதான்.

ஆறு பாவம். எல்லாரும் அதையே சோதிக்கிறோம், அதையே திட்டுகிறோம். காற்றில் போன அந்த 99.6 பங்கு வடதுருவத்துக்குப் புறப்படுமுன் யாருடைய மூக்கு வழியாகப் போயிற்று? அந்த அம்மாளிடம், பூசும்போது வாடை அடிக்குமா என்று கேட்டேன்.

"வெயில் ஏற ஏற அடிக்குமுங்க. மூணு நாளைக்குச் சோறு இறங்காது."

"டாக்டர் யாராவது பார்த்தார்களா?"

"காய்ச்சல்னா பாப்பாங்க. இதுக்கு எதுக்குங்க டாக்டரு? தலை சுத்தினா மோரைக் குடிச்சுட்டு, நெழல்ல செத்த படுத்துக்குவோம். மேஸ்திரி கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிருவோம்."