இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இந்தத் தொகையைக் காசோலையில் எழுதும் யோகம் எனக்கில்லை. ஆனாலும் இந்த எண்மேல் ஒரு தனிப் பிரியம். முப்பத்தோரு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. பகா எண்.

1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைத் தம் பகா எண் பட்டியலில் சேர்த்தார், நிரூபணம் தரவில்லை. (அதே பட்டியலில் 67 இரண்டுகளுக்கும் இடம் கொடுத்தார், அது பொய்த்தது.) நிரூபித்தவர் ஆய்லர், 1772-இல், பார்வை ஏறக்குறைய முழுதும் போன நிலையில். நேர்வழியில் போனால் 46,340 வரையுள்ள நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஆய்லர் வேலையைச் சுருக்கினார்: இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 தான் வரும். முதலில் 311. வகுத்தால் 35 மிஞ்சுகிறது. அடுத்து 497, 559 என வருபவையெல்லாம் பகு எண்கள், தள்ளிவிடலாம். ஒரே தாவலில் 1303. பேனாவோடு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. பல கணித நிரூபணங்களை நான் நம்பிக்கையின் பேரில்தான் ஏற்றிருக்கிறேன், இது கைக்கு எட்டுகிறது.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதிலிருந்து பிறக்கும் நிறைவெண்ணைவிட (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகையாக அமையும் எண்) பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை என்று எழுதினார். வெறும் வேடிக்கைக்கு யார் அவ்வளவு மெனக்கெடுவார்கள் என்பது அவர் வாதம். 1876-இல் லூக்கா என்ற கணிதர், இன்னும் பெரிய நிறைவெண்ணைத் தரும் 39 இலக்கப் பகா எண்ணோடு வந்துவிட்டார்.

இன்று கணினிக்காரர்களுக்கு இந்த எண் மனப்பாடம். குறிக்கு ஒரு பிட் போக, 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் இதுதான். 1970 முதல் விநாடிகளை எண்ணிவரும் பழைய 32 பிட் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரம் காலை 8:44-க்கு இதைத் தொடும். அடுத்த விநாடி, பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி பூஜ்ஜியத்துக்குக்கூட வராமல், எதிர்மத்துக்குப் பாய்ந்து 1901-ஐக் காட்டும். ஆனால் இந்தப் புகழுக்கும் ஆய்லரின் உழைப்புக்கும் சம்பந்தமில்லை. இது பகு எண்ணாக இருந்தாலும் அந்தக் கடிகாரங்கள் அதே விநாடியில்தான் தடுமாறும்.

பகாத்தன்மை உதவிய இடம் வேறு. ஓர் எண்ணை 16,807-ஆல் பெருக்கி, நம் எண்ணால் வகுத்து, மீதியை எடுங்கள். அதையே மீண்டும் பெருக்குங்கள். தாறுமாறாகத் தோன்றும் எண்கள் வரிசையாக வரும். பூஜ்ஜியம் நீங்கலாக எல்லா மீதிகளும் ஒருமுறை வந்த பிறகே தொடங்கிய எண் திரும்பும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இத்தனை நீளச் சுற்று கிடைக்காது. 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர், கணினியில் சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் முறைகளுக்கு இதைக் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்தார்கள். இன்றைய கணினி அந்தச் சுற்றைச் சில விநாடிகளில் முடித்துவிடும் என்பதால், கனமான வேலைகளுக்கு இப்போது வேறு முறைகள் வந்துவிட்டன.