எஞ்சின் மாற்றத்தின் விலை

1984இல் சந்தைக்கு வந்த இந்துஸ்தான் கான்டெஸாவின் உடல் பிரிட்டனின் வாக்ஸால் கார்களிலிருந்து பெறப்பட்டது. முகப்பு மூடியின் கீழ் இருந்ததோ அம்பாசிடரில் ஓடிய 1489 சி.சி. எஞ்சின், அதன் ஆற்றல் சுமார் 50 குதிரைத்திறன். நீண்ட முகப்பைக் கண்டு வேகத்தை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். பின்னர் அந்நிறுவனமே ஜப்பானிய இசுசு 1.8 லிட்டர் எஞ்சினையும் ஐந்து கியர்ப் பெட்டியையும் பொருத்தி, கான்டெஸா கிளாசிக் என்று விற்றது. இலக்கணப்படி ஸ்போர்ட்ஸ் கார் இல்லாவிட்டாலும், ஒரு தலைமுறையின் மனத்தில் அது அந்த இடத்தைப் பிடித்தது அதன் பிறகுதான்.

அதே பத்தாண்டில் சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. ரோவர் எஸ்.டி.1 என்ற நவீன உடலுக்குள் தன் பழைய இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000ஐ வெளியிட்டது. அந்தக் கார் சில ஆண்டுகளே நீடித்தது. உடலும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் இழப்பு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு இது சான்று.

இந்த வரலாறு பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகத்துக்குள் வந்து நிற்கிறது. ஒரு முதலாளியிடம் ஓட்டுநராக இருந்தவர், 1985இல் பதிவான கான்டெஸாவை அவரிடமிருந்தே பிற்காலத்தில் விலைக்கு வாங்கினார். இன்று அது அவருடைய மகனின் பொறுப்பில் இருக்கிறது. வட ஆர்க்காட்டுச் சொந்த ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், கிருஷ்ணகிரியைத் தாண்டி மேலுமலை ஏற்றத்தில் வண்டி மூச்சிரைக்கிறது. எஞ்சினை மாற்றிவிடலாம் என்கிறார் தெருமுனை மெக்கானிக். அதற்காகக் கையில் இருக்கும் பணமோ மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கியது.

சிவாஜிநகர் குஜிரியில் பழைய எஞ்சினுக்குச் சொல்லப்படும் விலை தொடக்கம் மட்டுமே. இன்றைய சிறு கார்களின் எஞ்சின்கள் பெரும்பாலும் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை இயக்குபவை. கான்டெஸாவின் எஞ்சின் நெடுக்காக அமர்ந்து பின்சக்கரங்களை இயக்குகிறது. எனவே ஜிப்ஸி போன்ற வண்டிகளின் எஞ்சினைத்தான் தேட வேண்டும். அது கிடைத்தாலும் கியர்ப் பெட்டி, தாங்கிகள், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப், வயரிங், கட்டுப்பாட்டுக் கணினி என ஒவ்வொன்றும் தனிச் செலவு. அடுத்தது பிரேக். வேகம் ஒன்றரை மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். 50 குதிரைத்திறனுக்கென அமைந்த பிரேக்கை அப்படியே விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் வலுப்படுத்துவது, சேமிப்பைப் போலத் தோன்றும் கடன்.

சட்டத்திற்கும் ஒரு விலை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. பதினைந்து ஆண்டு கடந்த கார், பதிவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஆய்வுக்குச் செல்ல வேண்டும். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண் வண்டியில் இல்லையென்றால் சிக்கல் அங்கேயே தொடங்கும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் அதே கேள்வியைக் கேட்கும். 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகவும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் இல்லாததாகவும் இருக்கும் வண்டிக்கே தனிப் பதிவு தருகின்றன. இந்தக் கார் 2035இல் அந்த வயதை எட்டும். இன்று இறக்கிவைக்கும் எஞ்சினோடு அந்த வாய்ப்பும் இறங்கிவிடும்.

நிறுவனம் எஞ்சினை மாற்றியபோது முழுக் காருக்கும் அதுவே பொறுப்பேற்றது; அந்தச் செலவு ஆயிரக்கணக்கான வண்டிகளின் மேல் பரவியது. தனிமனிதர் மாற்றும்போது வடிவமைப்பாளரின் பொறுப்பும் பரிசோதகரின் பொறுப்பும் ஒரே வீட்டின் தலையில் விழுகின்றன. ‘எஞ்சின் என்ன விலை?’ என்ற கேள்வியில் இந்தச் சுமை இடம்பெறுவதே இல்லை.

மகன் இறுதியில் பழைய எஞ்சினையே பிரித்துச் சீர்செய்வதென்று முடிவெடுத்தார். சிலிண்டர்களுக்கு போரிங், புதிய பிஸ்டன், ரிங், வால்வு வேலை. அம்பாசிடரின் உறவு இங்கே கைகொடுக்கிறது; அதன் உதிரிபாகங்கள் ஜே.சி. ரோட்டில் இன்றும் தேடினால் அகப்படும். இதனால் கார் வேகமாகிவிடாது. ஏற்றத்தில் லாரிகளின் பின்னால் கியரைக் குறைத்துத்தான் போக வேண்டியிருக்கும். அந்தத் தாமதமும் ஒரு விலைதான். ஆனால் அதற்கு வட்டி இல்லை. கல்லூரிக் கட்டணத்திலும் அது கை வைப்பதில்லை.