மழையைப் போகச் சொல்லாதீங்க டீச்சர்

2022-ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து ஒண்ணு, ரெண்டு, மூணாங்கிளாஸுக்கு இங்கிலீஷ்னாலே பாட்டு, கதை, பொம்மைதான்.

இன்னைக்கு மத்தியானம் எங்க வகுப்புல திருவிழாவேதான்.
சார்ட் பேப்பர்ல தவளை முகமூடி, காதுக்கு ரப்பர் பேண்டு.
வெளிய குற்றாலச் சாரல்.

மழையைத் திரும்பிப் போகச் சொல்ற அந்தப் பாட்டை எடுத்துவிட்டேன்.
(என் குரலைக் கேட்டாலே மழை ஓடிரும், அது வேற.)

ஒரு தவளை மட்டும் முகமூடியை நெத்திக்குத் தூக்கிட்டுக் கேக்குது:
"டீச்சர், மழை போயிட்டா அருவியில தண்ணி விழாதுல்லா? எங்கப்பாட்ட மங்குஸ்தான் யாரு வாங்குவா?"

நியாயம்தான. ஐந்தருவிப் பக்கம் பெரிய யாவாரமே ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும்தான்.

மழையை வா வான்னு கூப்பிடுற இங்கிலீஷ் பாட்டு ஏதாச்சும் இருக்கா மக்களே?
வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க!