முள் காட்டும் வேகம்

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவை நாள்தோறும் வகுப்பறையில் பேசிவருகிறோம். எனினும், காட்டப்படுவதற்கும் உள்ளதற்கும் இடையே விழும் இடைவெளியை எமக்கு நன்கு உணர்த்தியது சரக்கு லாரியின் வேகமானியே ஆகும்.

வேகமானி சாலையைப் பார்ப்பதில்லை. கியர் பெட்டியிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்பதையே அது எண்ணுகிறது. பழைய வண்டிகளில் சிறு பற்சக்கரமும் கேபிளும் அச்செய்தியைக் கொண்டுசென்றன. புதிய வண்டிகளில் மின்துடிப்புகள் கொண்டுசெல்கின்றன. இத்தனை சுழற்சிக்கு ஒரு கிலோமீட்டர் என்னும் கணக்கு, தொடக்கத்தில் பூட்டிய டயரையும் கிரௌன் பினியனையும் அடிப்படையாகக் கொண்டது. அவற்றை மாற்றிய பின்னும் முள் பழைய கணக்கையே ஒப்பிக்கும்.

9.00-20 டயரின் விட்டம் ஏறத்தாழ 1018 மில்லிமீட்டர், 10.00-20 டயரின் விட்டமோ ஏறத்தாழ 1054. முன்னதைக் கழற்றிப் பின்னதைப் பூட்டினால், சக்கரம் ஒரு சுற்றுக்கு நூற்றுக்கு மூன்றரைப் பங்கு கூடுதலாக உருளும். மீட்டர் 80 காட்டுகையில் வண்டி ஏறக்குறைய 83 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். கிரௌன் பினியனை 41க்கு 6 பல் என்பதிலிருந்து 41க்கு 7 என மாற்றினாலோ, முள் 60இல் நிற்க வண்டி 70இல் விரையும். வேகமானி சற்று மிகுத்துக் காட்டலாம், ஒருபோதும் குறைத்துக் காட்டலாகாது என ஐக்கிய நாடுகள் அவையின் 39ஆம் வாகன ஒழுங்குவிதி கூறுவதன் காரணம் இதனால் விளங்கும்.

வேகத்தோடு தொலைவும் பிழைபடும். எம் தாய்மாமா லாரி வைத்திருந்த காலத்தில் பெரிய டயர் பூட்டினார். அதன்பின் ஆயிரம் கிலோமீட்டர் நடைக்கு மீட்டர் 966 மட்டுமே காட்டியது. லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்பது அவர் கணக்கு. செலவான டீசலோ 250 லிட்டர். "எட்டரை லிட்டர் எங்கே?" என்ற கேள்வி ஓட்டுநரைச் சுட்டது. கூலியில் பிடித்தம் நடந்தது. அம்மனிதர் வேலையை விட்டு நீங்கினார். சில மாதங்கள் கழித்துப் பட்டறை மேஸ்திரி, "பாய், டயரை மாத்துனீங்களே, மீட்டரை மாத்துனீங்களா?" என்று கேட்டார். மாமா அன்றே ஓட்டுநரின் வீடு தேடிச் சென்று பிடித்த தொகையைக் கொடுத்தார். அவர் பணத்தைப் பெற்றுக்கொண்டார். வண்டிக்கு மட்டும் திரும்பவில்லை.

பிழையைக் கண்டறிவது எளிது. சமமான சாலையில் முள்ளை 60இல் நிறுத்தி, கிலோமீட்டர் கற்களுக்கிடையே ஆகும் நேரத்தை உடன் வருபவர் பார்க்க வேண்டும். 60 வினாடி ஆக வேண்டிய இடத்தில் 58 ஆனால் உண்மை வேகம் 62. ஒரு கல்லை நம்பாது பத்துக் கற்களுக்குப் பார்த்தல் நன்று. சுமையேற்றிய டயர் நசுங்குமாதலால், அதில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, பத்துச் சுற்று உருட்டி, தரையில் அளப்பதே செம்மையானது.

திருத்தும் கணக்கும் கடினமன்று. கேபிளைச் சுழற்றும் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கையைப் பழைய விட்டத்தால் பெருக்கிப் புதிய விட்டத்தால் வகுக்க வேண்டும். 28 பல் இருந்திருப்பின், மேற்கூறிய டயர் மாற்றத்துக்கு 27 பல் போதும். பல்லைப் பின்னமாக வெட்ட இயலாதாகையால் சில வண்டிகளில் சிறு பிழை எஞ்சும். மின்னணு வண்டிகளில் கிலோமீட்டருக்கான துடிப்பெண்ணையோ டயர் அளவையோ உரிய கருவியால் மாற்றிப் பதிவர். இவ்வளவு செய்தாலும் டயர் தேயத் தேய விட்டம் குறையும். முள் மெல்ல மிகைப்படக் காட்டத் தொடங்கும். ஆதலின் ஒருமுறை திருத்தியதோடு பணி முடிவதில்லை.

மாணவர்களே, கணக்குக் குறைகிறது என ஒருவர் மேல் ஐயம் கொள்ளுமுன், அளந்த கருவியில் எது மாறியது என்று முதலில் கேளுங்கள். விடைத்தாள் திருத்த அமரும் எம்மனோர்க்கும் அக்கேள்வி பொருந்தும்.