லூப்பர் எங்கே கிடைக்கும்?

ஓவர்லாக் மிஷின் வாங்கப் போகிறவர்கள் எத்தனை நூல், என்ன வேகம், என்ன விலை என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். லூப்பர் உடைந்தால் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டைலராக இருந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே ஜாக்கெட், நைட்டி, பிள்ளைகளுக்கான உடுப்பு என்று தைத்துக்கொண்டிருக்கிறேன். நெடுநாள் உழைக்கிற மிஷின் எது என்று யார் கேட்டாலும் லூப்பரிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவேன்.

ஓவர்லாக்கில் பாபின் கிடையாது. பாபின் செய்கிற வேலையை மேல் லூப்பர், கீழ் லூப்பர் என்ற இரண்டு வளைந்த இரும்புக் கைகள் செய்கின்றன. ஊசி துணிக்குள் இறங்கி மறுபடி மேலே எழத் தொடங்கும் நொடியில், அதன் முதுகுப் பக்கம் நூல் சிறு வளையமாகப் புடைக்கும். கீழ் லூப்பரின் முனை அந்த வளையத்துக்குள் புகுந்து தன் நூலையும் இழுத்துக்கொண்டு வலப்பக்கம் போகும். மேல் லூப்பர் அதன் முதுகை ஒட்டி வந்து அந்த நூலை வாங்கிக்கொண்டு, துணியின் ஓரத்தைச் சுற்றி மேலே ஏறும். அது ஏந்தி நிற்கும் நூலைப் பிடித்தபடி ஊசி மறுபடி இறங்கும். இதற்கெல்லாம் முன்னால், பிசிறை பிளேடு வெட்டிக்கொண்டே போகும். ஊசிக்கும் லூப்பர் முனைக்கும் நடுவே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளிகூட இருக்காது. இந்தச் சந்திப்பு வீட்டு மிஷினில் நிமிடத்துக்கு 1,500 தடவை வரை நடக்கும். கம்பெனி மிஷினில் 5,500-ஐத் தாண்டும்.

அந்த இடைவெளி எத்தனை வருஷம் மாறாமல் இருக்கிறது என்பதுதான் ஓவர்லாக்கின் ஆயுள். வெளியே பிளாஸ்டிக் மூடி போட்டிருப்பதைப் பார்த்து மிஷினை ஒதுக்க வேண்டியதில்லை. ஊசித் தண்டும் இரண்டு லூப்பர்களும் எந்தச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன, அது முழு உலோக வார்ப்பா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சக்கரத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேல் லூப்பரை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அது புது மிஷினாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரு தடவை சொன்னார்: “அக்கா, மிஷினு ஓடித் தேயறத விட, பஞ்சுலயும் குண்டூசியிலயும் சாகறதுதானுங்க ஜாஸ்தி.” என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் எல்லாப் பெண்களும் அவருக்கு அக்காதான். அவர் சொன்னதை நான் தினமும் பார்க்கிறேன். துணியில் மறந்துபோய் விட்ட குண்டூசி பிளேடுக்கு அடியில் போனால் பிளேடு பல் விழும், ஊசி உடையும், லூப்பர் முனை மழுங்கும் அல்லது வளையும். இப்போது ஆரி வொர்க் ஜாக்கெட் இல்லாத கல்யாணமே இல்லை. தையல் போகும் கோட்டில் மணி இருந்தால் அதை முதலில் உடைத்து எடுத்துவிட்டுத்தான் மிஷினில் வைக்க வேண்டும். பட்டுச் சேலையிலிருந்து வெட்டிய ஜாக்கெட் துணியில் சரிகை ஓடும். அது உலோகம் சுற்றிய நூல், பிளேடை சீக்கிரம் மழுக்கும். இப்படித் தேய்வதெல்லாம் கெட்டுப்போவது ஆகாது. ஆட்டுக்கல்லுக்கு அவ்வப்போது கொத்துப் போடுகிற மாதிரிதான் பிளேடு மாற்றுவதும். கொத்துகிறவர் ஊரில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

இந்த மிஷின் பிறந்ததே பின்னல் துணிக்காகத்தான் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மெர்ரோ குடும்பம் பின்னலாடை ஆலை நடத்தியது. அங்கே துணியின் ஓரத்தை முடிக்கச் செய்த இயந்திரத்திலிருந்துதான் ஓவர்லாக் வளர்ந்தது. அது தொழிற்சாலையை விட்டு வீட்டு மேஜைக்கு வந்தது 1960களில், ஜப்பானில். ஆக, வீட்டு ஓவர்லாக் என்பது சுருக்கிய கம்பெனி மிஷின். எதைச் சுருக்கினார்கள், எதை விட்டுவைத்தார்கள் என்று பார்ப்பதே பாதித் தேர்வு.

நம் ஊரில் வீட்டுக்கு வாங்க மூன்று வழி இருக்கிறது. லேடீஸ் டைலர் கடைகளில் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன மூன்று நூல் மிஷின் ஒன்று. எந்தச் சின்ன ஊரிலும் அதைக் கழற்றி மாட்ட ஆள் உண்டு, உதிரி பாகமும் மலிவு. கரண்ட் போனாலும் காலால் மிதித்து ஓட்டலாம். ஜாக்கெட், சுடிதார், லைனிங் ஓரம் அடிக்க மட்டும் என்றால் இதற்கு மேல் செலவு செய்யாதீர்கள். ஆனால் பனியன் துணி தைக்கிறவர்களுக்கு இது போதாது. பனியன் துணியை இழுத்துத் தைத்தால் ஓரம் அலை அலையாக விரிந்துபோகும். அதைத் தடுக்க மிஷினில் முன்னும் பின்னுமாக இரண்டு பல் வரிசை இருந்து, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் நகர வேண்டும். டிஃபரன்ஷியல் ஃபீட் என்பது இதுதான். முன்பல் வேகமாகத் தள்ளினால் துணி விரியாமல் அடங்கி வரும். சின்ன மிஷின்கள் பலவற்றில் இது கிடையாது.

இரண்டாவது, மேஜை மேல் வைக்கும் நான்கு நூல் மிஷின். ஜூகி எம்ஓ-654டிஇ மாதிரி. இரண்டு, மூன்று, நான்கு நூலில் தைக்கும். டிஃபரன்ஷியல் ஃபீட் உண்டு. வேலை முடிந்ததும் அலமாரியில் தூக்கி வைத்துவிடலாம். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்களுக்கு, குடும்பத்துக்கு மட்டும் தைப்பவர்களுக்கு என் சிபாரிசு இந்த வகைதான். ஊசி என்ன என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சாதாரணத் தையல் மிஷினுக்குப் போடும் தட்டைத் தண்டு ஊசியையே இதற்கும் போடலாம் என்றால் கவலையே இல்லை, தெருமுனைக் கடையில் 11, 14 நம்பர் வாங்கிக்கொள்ளலாம். தனி ரக ஊசி கேட்கிற மிஷின் என்றால், அந்த ஊசி எந்தக் கடையில் எப்போதும் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து மருமகனோ தம்பியோ கொண்டு வருகிறேன் என்றால் இன்னொரு சங்கதி: அமெரிக்க மிஷின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் மோட்டார் அன்றைக்கே புகைந்துவிடும். டிரான்ஸ்பார்மர் வைத்து ஓட்டலாம்தான், எனக்கு அந்தப் பொறுமை இல்லை. காற்றழுத்தத்தில் தானே நூல் கோத்துக்கொள்ளும் மிஷின்களும் இருக்கின்றன. கண் மங்கியவர்களுக்கு அது வரம். மற்றவர்கள் பழைய நூலோடு புது நூலை முடிச்சுப் போட்டு இழுத்துவிட்டாலே போதும், திருப்பூரே அப்படித்தான் கோக்கிறது.

மூன்றாவது வழிதான் நான் எடுத்தது: கம்பெனியில் ஓடி, கைமாறி வந்த ஜப்பான் ஹெட். கம்பெனிகள் மூடும்போதும் புது மிஷின் மாற்றும்போதும் இவை விலைக்கு வரும். வீட்டில் ஒரு நாளைக்குத் தைப்பது, அந்த மிஷின் கம்பெனியில் அரை மணி நேரத்தில் தைத்தது. அப்படிப் பார்த்தால் அதற்கு இது ஓய்வுக்காலம். ஆனால் ஹெட் மட்டுமே 30 கிலோவுக்குப் பக்கத்தில் வரும், மேஜையோடு சேர்த்தால் ஒரு மூலையை நிரந்தரமாகக் கொடுக்க வேண்டும். பழைய கிளட்ச் மோட்டார் சுவிட்ச் போட்டதிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும், நாம் தைத்தாலும் தைக்காவிட்டாலும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் ஓடும், சத்தமும் இல்லை, வேகத்தையும் கட்டி வைக்கலாம். வீட்டுக்கு சர்வோ இல்லாமல் வேண்டாம். பக்கத்து அறையில் குழந்தை தூங்க வேண்டுமே.

பழைய ஹெட்டில் பெயின்ட்டை நம்பக் கூடாது. புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். திருகுகளின் தலையைப் பாருங்கள். தேய்ந்து உருண்டிருந்தால் பல கைகள் கழற்றிய மிஷின். மேலே எண்ணெய்க் கண்ணாடி இருக்கும். அதில் எண்ணெய் தேன் நிறத்தைத் தாண்டிக் கறுத்திருந்தால், மாற்றாமலே ஓட்டியிருக்கிறார்கள். பிறகு நூலையெல்லாம் எடுத்துவிட்டு சக்கரத்தைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். சுற்று முழுக்க ஒரே இலகுவாகப் போக வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் இறுகினால் அங்கே ஏதோ ஒன்று மற்றொன்றில் உரசுகிறது. லூப்பர் கண்ணிலும் நூல் போகும் வழிகளிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நூல் இரும்பையும் அறுக்கும். வருஷக்கணக்கில் ஓடிய இடத்தில் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருக்கும். அப்படிக் கோடு விழுந்த லூப்பர் நூலை அறுத்துக்கொண்டே இருக்கும், மாற்றித்தான் ஆக வேண்டும். ஊசித் தகட்டில் மெல்லிய நாக்கு ஒன்று நீண்டிருக்கும். தையல் அதன்மேல்தான் உருவாகி நழுவுகிறது. அது ஒடிந்திருந்தால் டென்ஷனை எவ்வளவு திருகினாலும் தையல் நேராகாது.

கடைக்காரர் கொடுக்கும் துண்டில் தைத்துப் பார்க்காதீர்கள். அது அந்த மிஷினுக்குப் பழகிய துண்டு. வீட்டிலிருந்தே டூ பை டூ ஜாக்கெட் துணி கொஞ்சம், பனியன் துணி கொஞ்சம், பழைய ஜீன்ஸில் இரண்டு மடிப்பு சேரும் இடம் ஒன்று கொண்டு போங்கள். ஜீன்ஸ் மடிப்பில் ஏறும்போது தையல் விடுகிறதா, டூ பை டூவில் ஓரம் சுருங்குகிறதா, இரண்டு லூப்பர் நூலும் ஓரத்தின் விளிம்பில் சரியாகச் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். துணி இல்லாமல் ஓட்டினாலும் செயின் அறாமல் வர வேண்டும்.

வாங்கிய பிறகு வேலை கொஞ்சம்தான். மூன்று நூல் ஓவர்லாக்கில் 1 மீட்டர் தையலுக்கு ஏறத்தாழ 14 மீட்டர் நூல் உள்ளே போகிறது. அத்தனை நூலும் உதிர்க்கும் துகளும் பிளேடு வெட்டிய பிசிறும் சேர்ந்து லூப்பரைச் சுற்றிப் பஞ்சாக அடையும், எண்ணெயை உறிஞ்சும். பிரஷ்ஷால் வெளியே தள்ளுங்கள், வாயால் ஊதாதீர்கள், ஈரம் ஏறும். மலிவு நூல் பஞ்சை அதிகம் விடும், அதில் மிச்சம் பிடிப்பது வீண். கையால் எண்ணெய் விட வேண்டிய மிஷின் என்றால் சொட்டுக் கணக்கில் விட்டு, வேண்டாத துணியில் ஓட்டி எடுத்துவிட்டுத்தான் அடுத்தவர் வெள்ளைச் சட்டையைக் கையில் எடுக்க வேண்டும்.

பிளேடு இரண்டும் ஒரே மாதிரித் தேயாது. பெரும்பாலான மிஷின்களில் ஒன்று கடினமான கார்பைடு, மற்றது சாதாரண எஃகு. எஃகுதான் முதலில் போகும். வெட்டு சுத்தமாக இல்லாமல் துணியை மெல்ல ஆரம்பித்தால் அதைத்தான் முதலில் மாற்றுங்கள். மிஷின் வாங்கும் நாளிலேயே அந்த பிளேடு ஒரு ஜோடி, லூப்பர் மேலும் கீழுமாக ஒவ்வொன்று, ஊசி இரண்டு பாக்கெட் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் உள்ளே போய் உடனே எடுத்து வந்தால் பணத்தைக் கொடுக்கலாம். ஆர்டர் போட்டு வரவழைக்கிறேன் என்றால் வரட்டும், வந்த பிறகு மிஷினை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.